வருங்காலத்தை வரைந்தவர்: ஆர்தர் சி. கிளார்க்



ஆண்டு விழா மலர்களிலே சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதுவது நம்மிடையே நிலவிவரும் நல்ல வழக்கமாகும். புலவர்கள், அறப்பணி புரிந்தோர், மொழிக்காக வாழ்ந்தோர் எனப் பலரைப் பற்றி இத்தகைய மலர்கள் பேசியுள்ளன. இம்முறை நாம் எடுத்துக்கொண்டவர் தமிழர் அல்லர், ஆங்கிலேயர். ஆயினும் தமது வாழ்நாளில் 52 ஆண்டுகளை இலங்கைத் தீவிலே கழித்து, அந்த மண்ணிலேயே அடக்கமானவர். திருக்கோணேச்சரக் கடலின் அடியிலே நம் முன்னோர் செதுக்கிய கற்களைக் கண்ணாரக் கண்டவர். இனி வரவிருக்கும் உலகம் எவ்வாறு இருக்கும் என்பதைக் கதையாகவும் திரைப்படமாகவும் வரைந்து காட்டியவர். ஆர்தர் சார்ள்ஸ் கிளார்க் என்பது அவர் பெயர்.

நம் பள்ளியிலே இன்று பயிலும் பிள்ளைகளுள் பெரும்பாலானோர் அவர் மறைந்த பின்னர் பிறந்தவர்கள். அவர் கற்பனை செய்த வருங்காலமோ உங்களுக்குப் பழங்காலம் ஆகிவிட்டது. அவர் வரைந்தவற்றுள் எவை பலித்தன, எவை பொய்த்தன, ஏன் பொய்த்தன என்பவற்றை எண்ணிப் பார்ப்பது, வருங்காலத்தை எதிர்நோக்கி நிற்கும் உங்களுக்குப் பயன் தரும் என நம்புகின்றோம்.

இளமைப் பருவம்

இங்கிலாந்தின் தென்மேற்கே சமர்செற் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே கடற்கரையோரமாக அமைந்த மைன்ஹெட் என்ற சிற்றூரில் 1917ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் நாள் கிளார்க் பிறந்தார். நான்கு பிள்ளைகளுள் மூத்தவர் அவரே. தாயார் தபால் நிலையத்தில் தந்தி அனுப்பும் பணியைச் செய்தவர். தந்தையார் முதலாம் உலகப் போரிலிருந்து மீண்டபின் பண்ணைத் தொழிலில் ஈடுபட்டார். கிளார்க்குக்குப் பதின்மூன்று வயதாக இருக்கையில், 1931ஆம் ஆண்டு, தந்தையார் காலமானார். குடும்பப் பாரம் முழுவதும் தாயின் தோளில் விழுந்தது.

வறுமை சூழ்ந்திருந்தபோதிலும் சிறுவனின் கண்கள் வானத்தையே நாடின. கையிற் கிடைத்த பொருள்களைக் கொண்டு தொலைநோக்கி செய்து, இரவிலே சந்திரனைப் பார்த்து, அதன் மேற்பரப்பைப் படமாக வரைந்தார். அறிவியற் கதைகள் வெளியான அமெரிக்கச் சஞ்சிகைகளைத் தேடித்தேடிப் படித்தார். பல்கலைக்கழகம் செல்லப் பணவசதி இல்லாமையால் 1936ஆம் ஆண்டு இலண்டனுக்குச் சென்று அரசாங்கக் கணக்காய்வுத் திணைக்களத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். பகலிலே கணக்கேடு, மாலையிலே விண்வெளி என அவர் வாழ்வு அமைந்தது. பிரித்தானியக் கிரகாந்தரக் கழகம் என்னும் சிறு சங்கம் 1933ஆம் ஆண்டு தொடங்கப்பட்டிருந்தது. சந்திரனுக்குச் செல்வது பற்றி இச்சங்கத்தினர் பேசியதைக் கேட்டுப் பலரும் நகைத்தனர். அச்சங்கத்திலே முன்னின்று உழைத்த கிளார்க் பிற்காலத்தில் இருமுறை அதன் தலைவராகவும் விளங்கினார்.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் பிரித்தானிய வான்படையிற் சேர்ந்தார். மூடுபனியிலும் இருளிலும் விமானங்களைப் பத்திரமாகத் தரையிறக்கும் ராடர் முறையைச் செப்பனிடும் குழுவிலே பணியாற்றினார். போர் முடிந்தபின் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து 1948ஆம் ஆண்டு கணிதத்திலும் பௌதிகத்திலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். முப்பது வயதிலே பட்டம் பெற்ற அவரது வாழ்வு, காலம் தாழ்ந்தாலும் கல்வியைக் கைவிடலாகாது என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

செய்மதி பற்றிய சிந்தனை

1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இலண்டனில் வெளியான வானொலித் தொழினுட்பச் சஞ்சிகை ஒன்றிலே கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். அதன் கருத்தை மாணவர்களுக்கு எளிமையாக விளக்க விரும்புகின்றோம்.

பூமியைச் சுற்றும் பொருள் பூமிக்கு அருகில் இருந்தால் விரைவாகச் சுற்றும். தொலைவில் இருந்தால் மெதுவாகச் சுற்றும். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்திற் செல்லும் விண்கலம் ஒன்றரை மணித்தியாலத்தில் ஒருமுறை சுற்றி வந்துவிடும். மிகத் தொலைவிலுள்ள சந்திரனுக்கோ 27 நாட்கள் தேவைப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே, சரியாக ஒரு நாளில் ஒரு சுற்று நிறைவெய்தும் உயரமும் ஒன்று இருக்க வேண்டுமன்றோ? மத்திய கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றரே அந்த உயரமாகும். பூமியும் நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதால், அங்கே நிறுத்தப்படும் செய்மதி நம் தலைக்கு மேலே அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய மூன்று செய்மதிகள் இருந்தால், துருவப் பகுதிகள் நீங்கலாக உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று அவர் காட்டினார்.

முதற் செய்மதி வானத்தில் ஏறுவதற்கு 12 ஆண்டுகள் இருக்கும்போதே அவர் இவ்வாறு எழுதினார். 1964ஆம் ஆண்டு சின்கொம் 3 என்னும் செய்மதி அந்த உயரத்தில் நிலைகொண்டு தோக்கியோ ஒலிம்பிக் விளையாட்டுகளை அமெரிக்காவுக்கு ஒளிபரப்பியது. நாம் வாழும் கனடாவும் இத்துறையிலே முன்னோடி நாடாகும். 1972ஆம் ஆண்டு நவம்பரில் ஏவப்பட்ட அனிக் ஏ1 என்னும் செய்மதியின் மூலம், தன் நாட்டு மக்களின் தொடர்புக்கென அந்த உயரத்திலே செய்மதியை நிறுத்திய முதல் நாடு என்ற பெருமையைக் கனடா பெற்றது. பனி படர்ந்த வடபுலத்து மக்களுக்கும் அதனாலே தொலைபேசியும் தொலைக்காட்சியும் கிட்டின. அந்த உயரம் இன்றும் கிளார்க் பாதை என்றே அழைக்கப்படுகின்றது.

இவ்விடத்திலே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கிளார்க் கற்பனை செய்த செய்மதிகளிலே மனிதர்கள் குடியிருந்தார்கள். அக்காலத்து வானொலிக் கருவிகளில் இருந்த வால்வுகள் அடிக்கடி எரிந்துபோகும் தன்மையன. அவற்றை மாற்ற ஆட்கள் வேண்டுமென அவர் கருதினார். இரண்டே ஆண்டுகளில், 1947ஆம் ஆண்டின் இறுதியில், திரான்சிஸ்ரர் கண்டுபிடிக்கப்பட்டது. வால்வுகள் மறைந்தன, செய்மதியிற் குடியிருக்க ஆள் தேவைப்படவில்லை. விண்வெளியின் பேரளவைக் கணக்கிட்டுச் சொன்னவர், கருவிகள் இத்துணை சிறியனவாகும் என்பதை அப்போது காணவில்லை. அவரது திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போதும் இச்செய்தி நமக்கு உதவும்.

கோணேசர் கடலடியிலே

1954ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவின் பவளப் பாறைகளைக் காணக் கப்பலிற் சென்ற கிளார்க், வழியிலே கொழும்பில் இறங்கினார். அந்தத் தீவு அவர் மனத்தைக் கவர்ந்தது. 1956ஆம் ஆண்டு இலங்கைக்கே வந்து குடியேறினார். கடலில் மூழ்கும்போது உடல் பாரமற்று மிதப்பதால், விண்வெளியில் இருப்பது போன்ற உணர்வை அது அவருக்குத் தந்தது.

அதே ஆண்டில் அவரும் அவர் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையிலே, சுவாமி மலையின் அடிவாரக் கடலில் மூழ்கி ஆராய்ந்தனர். தேவாரப் பாடல் பெற்ற தலமாகிய திருக்கோணேச்சரத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர் என்பதை நீங்கள் வரலாற்றிலே கற்றிருப்பீர்கள். எஞ்சிய தூண்களும் செதுக்கப்பட்ட கற்களும் மலையுச்சியிலிருந்து கடலிலே வீழ்ந்து கிடந்தன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடற்பாசி மூடிக்கிடந்த அவற்றை இவர்கள் கண்டனர். அடுத்த ஆண்டு கிளார்க் வெளியிட்ட நூலொன்றிலே இச்செய்தி இடம்பெற்று உலகறியச் செய்தது. வருங்காலத்தைப் பற்றியே எழுதிப் புகழ்பெற்றவர், நம் இனத்தின் இறந்தகாலத்துக்கும் இவ்வாறு ஒரு சாட்சியானார் என்பது குறிப்பிடத்தக்கது.

மொன்றியலின் பங்கு

1964ஆம் ஆண்டு ஸ்ரான்லி கூப்ரிக் என்னும் அமெரிக்கத் திரைப்பட நெறியாளர் கிளார்க்கை நியூயோர்க்கிலே சந்தித்தார். சிறப்பான ஓர் அறிவியற் கற்பனைத் திரைப்படம் எடுக்க வேண்டுமென்பது அவர் விருப்பம். கிளார்க் 1948ஆம் ஆண்டு எழுதியிருந்த சிறுகதையொன்று அதற்கு வித்தாக அமைந்தது. நான்கு ஆண்டுகால உழைப்பின் பயனாக, 1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 2001: ஒரு விண்வெளிப் பயணம் என்னும் பொருள்படும் தலைப்பிலே அத்திரைப்படம் வெளியாயிற்று. அதே ஆண்டில் நாவலும் வெளிவந்தது.

அதற்கு முன்னரும் வருங்காலத்தைத் திரையிலே காட்டியவர்கள் உளர். பிரான்சு நாட்டின் ஜோர்ஜ் மெலியே 1902ஆம் ஆண்டு பீரங்கிக் குண்டினுள் மனிதரை ஏற்றிச் சந்திரனுக்கு அனுப்பினார். ஜேர்மனியின் பிரிற்ஸ் லாங் 1929ஆம் ஆண்டு எடுத்த படத்திலே, விண்கலம் புறப்படுமுன் எண்களைத் தலைகீழாக எண்ணும் வழக்கத்தைப் புகுத்தினார்; பின்னர் உண்மையான ஏவுதளங்களிலும் அதுவே வழக்கமாயிற்று. நம் தமிழிலும் 1963ஆம் ஆண்டு கலை அரசி என்ற படம் வெளிவந்ததைப் பெற்றோர் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். வேற்றுக் கிரகத்தார் இசையறிவை நாடி ஒரு பாடகியைக் கவர்ந்து செல்ல, எம்.ஜி.ஆர். அங்கே சென்று மீட்டுவருவது அதன் கதை.

ஆனால் கூப்ரிக்கும் கிளார்க்கும் எடுத்த படத்தைப்போல, அறிவியலாளர் கூர்ந்து பார்த்தும் ஏற்றுக்கொள்ளத்தக்க வகையில் விண்வெளியைக் காட்டிய படம் அதற்கு முன் வந்ததில்லை எனலாம். இதிலே நாம் வாழும் மொன்றியல் மாநகருக்கும் ஒரு பங்கு உண்டு. கனடிய தேசியத் திரைப்படச் சபை 1956ஆம் ஆண்டு ஒட்டாவாவிலிருந்து மொன்றியலுக்கு இடம்மாறியது. அங்கே பணிபுரிந்த றோமன் குறொய்ற்றர், கொலின் லோ ஆகிய இருவரும் 1960ஆம் ஆண்டு பிரபஞ்சம் என்னும் பொருள்படும் ஒரு குறும்படத்தை நெறிப்படுத்தினர். கறுப்பு வெள்ளையிலே அரைமணி நேரத்துக்கும் குறைவாக ஓடும் படம் அது. கோள்களையும் விண்மீன்களையும் அது காட்டிய அழகைக் கண்ட கூப்ரிக் அதனைப் பன்முறை பார்த்தார். அப்படத்தின் காட்சி நுட்பக் கலைஞராகிய வோலி ஜென்ரில்மனைத் தம்மோடு பணிபுரிய அழைத்துக்கொண்டார். அதற்குப் பின்னணி விளக்கம் கூறிய கனடிய நடிகர் டக்ளஸ் றெயினையும் தெரிவு செய்தார். கூப்ரிக்கின் படத்திலே பேசும் கணனியின் அமைதியான குரல் அவருடையதே.

பலித்தவையும் பொய்த்தவையும்

2001 என்ற ஆண்டு வந்தது, சென்றது. அப்படம் காட்டிய உலகத்தையும் நாம் வாழும் உலகத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.

விண்வெளி வீரர்கள் உணவுண்ணும் மேசையிலே, தட்டையான கண்ணாடிப் பலகைகளில் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்க்கின்றனர். இன்று உங்கள் கைகளில் இருக்கும் கைக்கணனியே அது. 2011ஆம் ஆண்டு இரு பெரும் நிறுவனங்கள் இக்கருவியின் வடிவம் தொடர்பாக நீதிமன்றம் சென்றபோது, ஒரு தரப்பினர் 1968ஆம் ஆண்டின் இத்திரைப்படக் காட்சியையே சான்றாக முன்வைத்தனர்.

விண்வெளி நிலையத்திலிருந்து தந்தை ஒருவர் தம் சின்னஞ்சிறு மகளோடு முகம் பார்த்துப் பேசுகின்றார். இதுவும் பலித்தது. ஆனால் படத்திலே அவர் ஒரு தொலைபேசிக் கூண்டினுள் அமர்ந்து பேசி, 1 டொலர் 70 சதம் கட்டணம் செலுத்துகின்றார். இன்றோ மொன்றியலிற் பேருந்துக்குக் காத்து நிற்கும் பேரப்பிள்ளை, சாவகச்சேரியில் இருக்கும் பாட்டியின் முகத்தைக் கையடக்கத் தொலைபேசியிலே காண்கின்றது. கூண்டும் இல்லை, அழைப்புக்கெனத் தனிக் கட்டணமும் இல்லை. சட்டைப் பையில் அடங்கும் தொலைபேசி அப்படத்தில் எங்கும் காணப்படவில்லை.

அக்கூண்டின் மேல் எழுதப்பட்டிருந்த பெல் தொலைபேசி அமைப்பு 1984ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டது. பயணிகளை விண்ணுக்கு ஏற்றிச் சென்ற கலத்தின் மேல் பான் ஆம் என்ற விமான நிறுவனத்தின் பெயர் இருந்தது. அந்நிறுவனம் சந்திரப் பயணத்துக்கென 90,000 பேருக்கு மேற்பட்டோரின் பெயர்களைப் பதிவு செய்து வைத்திருந்தது. 1991ஆம் ஆண்டு டிசெம்பரில் மூடப்பட்டது. படத்திலே அமெரிக்கரோடு உரையாடும் சோவியத் அறிவியலாளரின் நாடும் அதே மாதத்தில் இல்லாமற் போயிற்று. கருவிகள் வந்து சேர்ந்தன. என்றும் நிலைக்கும் என எண்ணப்பட்ட நிறுவனங்களும் வல்லரசும் மறைந்தன. எல்லைக் கோடுகளும் ஆட்சிகளும் மாறுவதைக் கண்டு, நாடு விட்டு நாடு வந்த நமக்கு இது புதுமையான செய்தியன்று.

சந்திரனிலே மக்கள் வாழும் பெருந்தளம் ஒன்றையும் அப்படம் காட்டியது. ஆனால் 1972ஆம் ஆண்டு டிசெம்பரின் பின்னர், 2001ஆம் ஆண்டு வரையில் எவருமே சந்திரனிற் கால்வைக்கவில்லை. அறிவு போதாமை இதற்குக் காரணமன்று; பணமும் அரசியலுமே காரணம். 1966ஆம் ஆண்டு அமெரிக்க அரசு தன் செலவிலே 4 வீதத்துக்கு மேற்பட்ட பணத்தை விண்வெளிக்கு ஒதுக்கியது. சோவியத் நாட்டை முந்தியபின் அந்த ஆர்வம் தணிந்தது; பிற்காலத்தில் ஒதுக்கீடு அரை வீதத்துக்கும் கீழே இறங்கியது. 1960களில் ஓடிய வேகத்திலேயே உலகம் தொடர்ந்து ஓடுமென எண்ணியதே கிளார்க்கின் கணிப்புப் பொய்த்தமைக்கு ஏதுவாயிற்று.

எனினும் 2001ஆம் ஆண்டிலே விண்வெளி வெறுமையாக இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டு நவம்பர் முதல் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் மனிதர் இடையறாது வாழ்ந்து வருகின்றனர். 2001 ஏப்ரலில் கனடா செய்த பெரிய இயந்திரக் கை அங்கே பொருத்தப்பட்டது. அதனைப் பொருத்தும் பணியிலே கனடிய வீரர் கிறிஸ் ஹட்பீல்ட் விண்வெளியில் இறங்கிப் பணியாற்றினார். அந்தக் கையை இயக்கும் நிலையங்களுள் ஒன்று, நமது ஆற்றுக்கு அக்கரையில், லோங்கேய் நகரின் செயின்ற் ஹியூபேட்டில் அமைந்த கனடிய விண்வெளி முகவரகத்தில் இருக்கின்றது.

இன்னுமொரு குறையையும் கூறாதிருத்தல் தகாது. வலென்ரீனா தெரெஷ்கோவா என்ற பெண்மணி 1963ஆம் ஆண்டிலேயே விண்ணிற் பறந்துவிட்டார். ஆயினும் ஐந்தாண்டுகள் கழித்து வந்த இப்படத்திலே, சோவியத் அறிவியலாளர் சிலரைத் தவிர்த்தால், பெண்கள் பெரும்பாலும் உணவு பரிமாறுவோராகவும் வரவேற்பாளராகவுமே காணப்படுகின்றனர். மொன்றியலிற் பிறந்த யூலி பயெற் 1999ஆம் ஆண்டு அனைத்துலக விண்வெளி நிலையத்தில் ஏறிய முதற் கனடியரானார். பெண்பிள்ளைகளின் வருங்காலத்தைக் கணிப்பதிலே அப்படம் மிகவும் பின்தங்கி நின்றது.

பேசும் கணனி

அப்படத்தில் எவராலும் மறக்கவொண்ணாத பாத்திரம் ஹால் என்னும் கணனியாகும். அது பேசும், சதுரங்கம் ஆடும், உதட்டசைவைக் கொண்டே பேச்சை அறியும். 1997ஆம் ஆண்டு டீப் புளூ என்ற கணனி உலகச் சதுரங்க வீரர் கஸ்பரோவைத் தோற்கடித்தபோது அக்கற்பனையின் ஒரு பகுதி மெய்யாயிற்று. அண்மைக் காலத்தில் மனிதரோடு உரையாடும் செய்நிரல்கள் எங்கும் பரவிவிட்டன. ஆயினும் ஹாலின் நினைவகம் ஒரு மனிதர் உள்ளே நுழையத்தக்க அறையாகவே காட்டப்பட்டது. வால்வுகளைப் பற்றி நாம் முன்னர் கூறியதை இங்கே நினைவு கூர்க. ஆனால் கிளார்க் விரைவிலேயே அக்குறையிலிருந்து மீண்டார். 1974ஆம் ஆண்டு அவுஸ்திரேலியத் தொலைக்காட்சிக்கு அளித்த செவ்வியிலே, 2001ஆம் ஆண்டளவில் வீடுதோறும் சிறு கணனி இருக்குமென்றும், வங்கிக் கணக்கு விவரங்களையும் அரங்க முன்பதிவுகளையும் அதன் வழியே மக்கள் பெறுவரென்றும் அவர் தெளிவாக எடுத்துரைத்தார்.

ஹால் ஏன் தன்னோடு வந்த மனிதரைக் கொன்றது? படம் அதனை விளக்கவில்லை. 1982ஆம் ஆண்டு வெளிவந்த தொடர் நாவலிலே கிளார்க் விடை கூறினார். உண்மையை மறைக்காது கூறுமாறு ஆக்கப்பட்ட அக்கணனிக்கு, பயணத்தின் நோக்கத்தை வீரர்களிடம் மறைக்குமாறு மேலிடம் கட்டளையிட்டது. இரு கட்டளைகளும் முரண்பட, அது நிலைகுலைந்தது. பொய்யுரைக்கப் பணித்தவர் மனிதரே. இப்படத்திலே சற்றும் பழமையடையாத பகுதி இதுவே என்பது நம் எண்ணம். மொன்றியற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் யோஷுவா பெஞ்சியோ, செயற்கை நுண்ணறிவுத் துறையில் 2018ஆம் ஆண்டுக்கான ரூறிங் பரிசைப் பகிர்ந்து பெற்றவர். அத்தகைய இயந்திரங்கள் மனிதரை ஏமாற்றலாகாது என எச்சரித்து வருபவர்களுள் அவரும் ஒருவர். நம் மாணவர் சிலர் நாளை அத்துறையிற் புகுவர். இயந்திரத்தின் தவற்றை ஆராயுமுன், அதற்கு யாது கட்டளையிட்டோம் என ஆராய்தல் வேண்டும் என்பதை அவர்கள் மறவாதிருப்பார்களாக.

வருங்காலத்தில் ஒரு தமிழ்ப் பெயர்

1968ஆம் ஆண்டின் படத்திலே விண்வெளியிற் செல்வோர் ஆங்கிலமும் ருசிய மொழியுமே பேசுகின்றனர். தமிழர் எவருமில்லை, ஆசியர் எவருக்கும் சொல்லத்தக்க இடமில்லை. ஆனால் தொடர் நாவலிலே, ஹாலை உருவாக்கிய அறிஞரின் முழுப் பெயரைக் கிளார்க் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை என்று அமைத்தார். உலகின் முதற் சிந்திக்கும் கணனிக்குக் கதையிலே தந்தையானவர் ஒரு தமிழ்ப் பெயருடையவர்! இந்நாவல் 1984ஆம் ஆண்டு திரைப்படமானபோது அப்பெயர் சந்திரா எனச் சுருங்கியது. அமெரிக்க நடிகர் ஒருவரே அவ்வேடத்தில் நடித்தார். அப்படத்தின் பணிக்காகக் கொழும்பிலிருந்த கிளார்க்கும் லொஸ் ஏஞ்சலிஸிலிருந்த நெறியாளரும், மின்னஞ்சல் என்ற சொல்லே பரவாத அக்காலத்தில், கணனி வழியே நாள்தோறும் கடிதம் எழுதிக்கொண்டனர்.

1979ஆம் ஆண்டு வெளியான நாவலொன்றிலே, சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் ஒத்த இடங்களைக் கதைக்களமாக்கி, அம்மலையிலிருந்து விண்ணுக்கு ஏறும் ஒரு மின்தூக்கியை அவர் கற்பனை செய்தார். அதே ஆண்டு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகி 2002ஆம் ஆண்டு வரை அப்பதவியை வகித்தார். இலங்கையிலே தொலைக்காட்சி ஒளிபரப்பே இல்லாதிருந்த 1975ஆம் ஆண்டில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தினர் அவர் வீட்டிலே ஒரு வாங்கியை அமைத்துக் கொடுத்தனர். இந்தியாவின் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குச் செய்மதி வழியே கல்வி ஒளிபரப்பிய பெருந்திட்டத்தின் நிகழ்ச்சிகளை அவர் கொழும்பிலிருந்தே கண்டார்.

இறுதி நாட்கள்

இளம்பிள்ளைவாதத்தின் பின்விளைவால் இறுதிக் காலத்தைச் சக்கர நாற்காலியிலே கழித்தார் கிளார்க். ஹிக்கடுவையில் அவர் நிறுவிய கடல்மூழ்குப் பள்ளியை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அழித்தது. 2007 டிசெம்பரில் தமது 90ஆவது பிறந்த நாளையொட்டி அவர் மூன்று விருப்பங்களை வெளியிட்டார். வேற்றுக் கிரக உயிர்களுக்குச் சான்று கிட்ட வேண்டும். எண்ணெயை நம்பியிராத தூய ஆற்றல் உலகுக்குக் கிடைக்க வேண்டும். தாம் வாழும் இலங்கையிலே நிலையான அமைதி மலர வேண்டும் என்பனவே அவை. அம்மூன்றுள் எதனையும் காணாமலே 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் கொழும்பிற் காலமானார். எவ்விதச் சமயச் சடங்குமின்றிப் பொறளை மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் மறைந்த அதே நாளில், 750 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்ந்த ஒரு வெடிப்பின் ஒளி, வெறுங்கண்ணுக்கும் புலப்படத்தக்க அளவிலே பூமியை வந்தடைந்தது.

அவர் மறைந்து சில திங்களில், பிறெடெரிக் போல் என்பவரோடு சேர்ந்து அவர் எழுதிய கடைசி நாவல் வெளியாயிற்று. அதன் நாயகன் றஞ்சித் சுப்பிரமணியன் என்னும் கணித மேதை. அவன் திருகோணமலைத் தமிழ் இளைஞன். தந்தையார் கோணேசர் கோயிற் குருக்கள். 1956ஆம் ஆண்டிலே கடலடியிற் கண்ட கற்களை அவர் இறுதிவரை மறந்தாரில்லை போலும்.

மாணவச் செல்வங்களே, இந்த மூன்றாவது விருப்பத்தை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கின்றது. தீவின் தென்பகுதியில் ஒருவர் செய்மதிகளைப் பற்றி உலகுக்கு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வடக்கிலும் கிழக்கிலும் மின்சாரமில்லாப் பாடசாலைகளிலே மின்சாரப் பாடம் நடத்தியவர்கள் நாம். செய்மதியின் உயரத்தைக் கரும்பலகையில் எழுதினோம். ஆனால் அடுத்த ஊரிலிருந்த உறவினர் உயிரோடிருக்கின்றனரா என அறியத் தொலைபேசி இருக்கவில்லை. அறிவியல் ஆக்கித் தரும் கருவி எல்லார் கைக்கும் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை. எவரிடம் அது சேரும், எவரிடம் சேராது என்பதை முடிவு செய்பவர் மனிதரே. திரைப்படங்கள் கணிக்கத் தவறுவது பெரும்பாலும் இதனைத்தான்.

வருங்காலத்தைப் பிறர் வரையும்போது நம்மை வரையாது விடுதல் இயல்பு. கிளார்க் நம் கடலிலே மூழ்கி, நம் மக்களோடு ஒரே தீவில் வாழ்ந்தமையாலேதான் அவர் கற்பனையிலே ஒரு சந்திரசேகரம்பிள்ளையும் ஒரு சுப்பிரமணியனும் பிறந்தனர். இனிவரும் காலத்தை எழுதவும் படமாக்கவும் போகின்றவர்கள் நீங்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் கற்று இந்நாட்டிலே உயர்வீர்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை. நீங்கள் வரையும் வருங்காலத்தில் தமிழ் பேசும் ஒருவரும் இருப்பாராயின், சனிக்கிழமைதோறும் உறைபனியிலும் உங்களை இங்கே அழைத்துவரும் பெற்றோரின் உழைப்பு வீண்போகாது. உங்கள் கற்பனை வளர்க! தமிழ் வாழ்க!